காப்பு கட்டிய வாரம்

பங்குனி 12, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. மிளகாய் காயப்போட்டாயிற்று. மூத்த பேரன் பெங்களூர் ஆலையில் ஃபிட்டர், இப்போது வேலை நிரந்தரம். சின்னவன் மூன்றாம் வகுப்பு, பதினாறாம் வாய்ப்பாடு தப்பில்லாமல் சொல்கிறான். பேத்தி சரசு ராயக்கோட்டைப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. எங்கள் தெருவில் இவ்வளவு தூரம் படித்த பெண் இல்லை. நான் ஐந்தாவதோடு சரி.

நாளை மாரியம்மனுக்குக் காப்பு. மகன்தான் பூசாரி. மாதவிலக்காகித் தூரமான பெண்கள் ஏரிக்கரை முட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், திருவிழா முடியும்வரை தெருவில் கால் வைக்கக் கூடாது என்று தண்டோரா.

கற்பூரம், வெல்லம், திரி நூல்.

பங்குனி 14, சனி

பின்கட்டுக் கொடியில் சரசுவின் பாவாடை. அடியில் மறைத்து ஒரு துணி.

"எப்போடி?"

"காலையில. அப்பாகிட்ட சொல்லாதீங்க ஆயா. திங்கக்கிழமை கணக்கு. நான் அங்க போய் உக்காந்துட்டா யாரு எழுதறது, மாரியாத்தாளா?"

அடிக்கக் கை வந்தது. சிரிப்பும் வந்தது. சொல்லமாட்டேன் என்றேன்.

பங்குனி 15, ஞாயிறு

சின்னவனுக்கு உடம்பு கொதிக்கிறது. மார்பெல்லாம் பொரிப்பொரியாக. அம்மைதான் என்று மருமகள் அழுதாள். மகன் வேப்பிலையோடு வந்து நின்றான். "இந்த ஊட்டுல யாரு தப்பு பண்ணது?"

சொல்லிவிட்டேன். என் வாய்தான்.

சரசு பாயைச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியே போனாள். கணக்குப் புத்தகத்தை மகன் பிடுங்கிப் பரணில் போட்டான். "பரீட்சை அடுத்த வருசமும் வரும். ஆத்தா எடுத்துக்கினா புள்ள வருமா?"

சாயந்திரம் கம்பவுண்டர் வந்தார். "வேர்க்குருங்க. வெயில்ல ஆடிச் சூடு புடிச்சிருக்கு. மோர் குடுங்க." மருமகள் அவரைக் கும்பிட்டாள். அதற்குப் பிறகும் சரசுவைக் கூப்பிடு என்று மகன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.



பங்குனி 16, திங்கள்

விடியும்போதே மகன் கோயிலுக்கு. பரணிலிருந்து புத்தகம். பேனா, மைக்கூடு, பரீட்சைச் சீட்டு எல்லாம் மடியில். முட்டு வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள். "பூசாரியம்மாவுக்கு இந்த வயசுல தூரமா?" என்று ஒருத்தி கேட்டாள், மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சரசுவின் கையைப் பிடித்தேன். "தொடாதீங்க ஆயா, தீட்டு." குத்தித்தான் சொன்னாள். நான் கையை விடவில்லை. ஏரிக்கரை மேலேயே நடந்து மணியடிப்பதற்குள் பள்ளிக்கூடம்.

அவள் உள்ளே போனதும் பயம் பிடித்துக்கொண்டது. சாயந்திரம் மாவிளக்கு நான் எடுக்க வேண்டும். பள்ளிக்குப் பின்னால் கிணறு. சேந்தித் தலையில் ஊற்றிக்கொண்டேன். அவள் வருவதற்குள் காய்ந்துவிடும் என்ற நினைப்பு. கொண்டைக்குள் ஈரம் காயவில்லை.

வெளியே வந்தவள் என் தலையைப் பார்த்தாள். "நல்லா எழுதினேன்," அவ்வளவுதான். வழியெல்லாம் தள்ளியே நடந்தாள். ஏரி வந்ததும் நான் சொல்லாமலே முட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

கோயிலில் மகன், "என்னம்மா தலை ஈரம்?"

"மாவிளக்கு எடுக்கணுமே."

"பாத்தீங்களா, இதான் எங்கம்மா," என்றான், எல்லோர் முன்னாலும். தலை நிமிரவில்லை எனக்கு. விளக்கு என்னவோ நன்றாகத்தான் எரிந்தது.

சித்திரை 2, புதன்

காலையில் தூறல். மூத்தவன் வந்து சரசுவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனான். டைப் படிக்கப் போகிறாளாம். அப்பனிடம் அண்ணன்தான் பேசினான், அவள் பேசவில்லை.

பஸ் நிற்குமிடத்தில் என் காலைத் தொடக் குனிந்தவள் பாதியில் நின்றாள். "தொடலாமா ஆயா?"

பஸ் வந்துவிட்டது.

சுவரில் இருந்தது அவள் பெரியவளானபோது மாலை போட்டு எடுத்த போட்டோ. பக்கத்தில் நான், பெருமையாக. கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். நாளைக்கே மூத்தவனுக்குக் கார்டு போட வேண்டும். சரசுவைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. மாலை வேண்டாம். எப்படி நிற்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டாம்.