கனி நானாவின் கொசு பஸ்ஸை ஒழிக்க வேண்டாமென

அனுப்புநர்:
ப. அமிர்தலிங்கம், ஸ்டோர் கிராணி,
புக்கிட் சீரே ரப்பர் தோட்டம், தம்பின் வட்டாரம்.

பெறுநர்:
பஸ் லைசென்ஸ் துரை அவர்கள்,
சிரம்பான்.

பொருள்: எங்கள் தோட்டத்துக்கு வரும் கொசு பஸ்ஸின் லைசென்ஸை ரத்துச் செய்யாதிருக்க வேண்டுவது.

மகா கனம் பொருந்திய துரையவர்களுக்கு,

இம்மனுவில் கண்டதைத் தாங்கள் நம்பப் போவதில்லை. எழுதுகிற எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆயினும் எழுதுகிறேன்.

1. கொசு பஸ் எனப்படும், ஏழு பேர் உட்காரும் சிறு வண்டிகளை நிறுத்தி, அடுத்த மாதம் முதல் பெரிய பஸ் விடுவதாக அறிவிப்பு வந்தது. பெரிய பஸ் பெரிய ரோட்டோடு போய்விடும். அங்கிருந்து கூலிக்காரர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு இரண்டு மைல், முழுக்க மேடு. என் தங்கை மகள் வள்ளிநாயகிக்கு அடுத்த மாதம்தான் பிரசவம். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லயத்து வாசல்வரை வருவது, நாகூர் கனி நானா ஓட்டும் இந்தக் கொசு பஸ் ஒன்றே.

2. அறிவிப்பில் ‘கொசு பஸ்களை அறவே ஒழிப்பது’ என்று கண்டிருந்தது. சாக்கடைக்கு மலேரியா எண்ணெய் அடிக்கும் மண்டோர் மாயாண்டி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். கொசு ஒழிப்பு தம்முடைய இலாகா என்று கொண்டு, நானா தேநீர் குடிக்கப் போன சமயம் வண்டியைக் கூரையிலிருந்து சக்கரம்வரை எண்ணெயில் குளிப்பாட்டிவிட்டார். கேட்டதற்கு, “கொசுன்னு போட்டிருக்கே கிராணியாரே, உள்ள எத்தனை முட்டை இட்டிருக்கோ” என்றார். நானா கோபிக்கவில்லை. “இனிமே தம்பின்வரைக்கும் வழுக்கிக்கிட்டே போயிடலாம்லா” என்றார். அன்று முதல் அவ்வண்டி பெட்ரோலே கேட்பதில்லை.

3. அதன் ஏழு இருக்கையில் ஒரு கல்யாணக் கோஷ்டி முழுவதும் போயிருக்கிறது. மேளக்காரர் உட்பட நாற்பது பேர், சினை ஆடு இரண்டு. இறங்கும்போது ஆடு ஐந்து. லிங்கி ஆறு பெருகியபோது படகுகளுக்கு வழிவிட்டு நீந்தியது. அதன் ஹார்ன் கேட்டால் புலி ஓரமாக ஒதுங்கி, வண்டி போனபின்தான் ரோட்டில் ஏறும்.

4. மேட்டில் மூக்கைத் தூக்கினால் இவ்வண்டிக்கு மூச்சு நின்றுவிடும். ஆகையால் நானா அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி, கழுத்தை முறுக்கிக்கொண்டு, பின்புறமாகவே மலையேற்றுவார். இப்படித்தான் நாங்கள் எல்லோரும், முகம் தம்பின் பக்கமும் முதுகு தோட்டத்தின் பக்கமுமாக, இங்கே வந்து சேர்ந்தோம். வந்த ரோடு ரப்பர் மரங்களுக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே வருவோம். கல்யாணமாகி வந்த பெண்கள் அந்த மேட்டிலேயே அழுது முடித்துவிட்டு, லயம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவார்கள். பெரிய பஸ்ஸில் கண்ணாடியும் மணியும் உண்டாம். இருக்கட்டும். இப்படி அழுதுகொண்டே வர அதில் வழியில்லை.

5. ஆகவே பெரிய பஸ் அதன் ரோட்டில் கம்பீரமாக ஓடட்டும். இந்த ஒரு வண்டிக்கு மட்டும், வள்ளிநாயகி பிள்ளையோடு லயத்துக்குத் திரும்புகிறவரையாவது, லைசென்ஸை நீட்டித்து உத்தரவிடுமாறு இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடும் இடம் வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியின் பெருமைகளில் பெட்ரோல் கேட்காததும் ஆடும் ஆறும் புலியும் என் கைச்சரக்கு. பின்புறமாக மலையேறுவது மட்டும் மெய். போன மழைக்காலத்தில் வள்ளிநாயகி காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தபோது, சேற்றில் அப்படித்தான் ஏறி வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

மேட்டின்மேல் காத்திருக்கும்,
ப. அமிர்தலிங்கம்

இடம்: புக்கிட் சீரே தோட்டம்
நாள்: 12-11-1936