பேரை எடுத்துக் கொடுக்காதே

பயிற்சி அறைக் கட்டிலில் கிடக்கும் தலையணையில் இன்னும் உன் தைல வாசனை அடிக்கிறது. உறையைத் துவைத்தாயிற்று, வெயிலில் காயப் போட்டாயிற்று, போக மாட்டேன் என்கிறது. டூட்டிக்கு வரும்போதே நெற்றி முழுக்கத் தைலத்தை அப்பிக்கொண்டு வருவாய். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஓசியில் தலைவலி தீர்ந்திருக்கும் என்று உன்னைக் கிண்டல் செய்வேன். இன்று காலை அதே தலையணையில் நான் தலை வைத்துப் படுக்க வேண்டியிருந்தது. நர்சிங் முடித்துப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு நோயாளியாக நடித்துக் காட்ட இனி நான்தான் ஆள்.

இந்த நடிப்பு எங்கே தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் ஒரே வார்டில் இருந்தபோது பிச்சாவரம் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாளே, மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண், 'சரிங்க சிஸ்டர்' தவிர வாயிலிருந்து ஒன்றும் வராது. அப்போது நம் வார்டில் நோயாளியின் கையில் பேர்ப்பட்டை கட்டுகிற வழக்கம் இல்லை. ஃபேன் ஓடவில்லை என்று அன்று காலையில்தான் ஆட்களைக் கட்டில் மாற்றிப் போட்டிருந்தார்கள். அவளோ முருகன் என்கிற சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு பழைய கட்டிலுக்கே போனாள். அங்கே காய்ச்சலில் கண் திறக்காமல் வேறொருவர் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி. "இவரு பேரு என்னம்மா?" என்று இவள் ஒழுங்காகத்தான் கேட்டாள். அந்த அம்மாவுக்குப் புருஷன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. "முருகன் பேருதான் கண்ணு" என்றார். முருகனா என்று இவள் கேட்க, அந்த அம்மாவும் வெட்கத்தோடு தலையை ஆட்டிவிட்டார்.

நீதான் குறுக்கே போய் நின்றாய். "முருகன் பேருன்னா, எந்த முருகன்மா?" என்று கேட்டாய். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பழனியில் கையில் கம்போடு நிற்கிறாரே அவர் பேர் என்றார். தண்டபாணி! ஒரு வாய்க் கஞ்சிகூட உள்ளே இறங்காமல் கிடந்த மனுஷன். அந்த ஊசி ஏறியிருந்தால் சர்க்கரை இறங்கி ஆளே போயிருப்பார்.

என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அவளைப் பிடித்துக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவள் ஸ்டோர் ரூமில் நின்று அழுதாள். இந்த வேலையே வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றாள். நீ அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாய்.

"நீ கேட்டது சரிதான். அவுங்க பாதி சொன்னத நீ முழுசாக்கிட்ட. பேர எடுத்துக் குடுக்காத. அவுங்க வாயால வரட்டும். வரலன்னா கூட இருக்குற வேற ஆளக் கேளு."

அப்புறம் என்னிடம் வந்தாய். "நீ கத்துனா அவ பயப்படத்தான் கத்துப்பா. நாளைக்குத் தப்பு நடந்தா மறைச்சிடுவாடி" என்றாய். எனக்கு உன்மேல் கோபமான கோபம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

அந்த வாரமே பயிற்சி அறைக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாய். புதுப் பெண்கள் வந்து லட்சுமியா என்றால் ஆமா, சரஸ்வதியா என்றாலும் ஆமா. ஒரு குறும்புக்காரி ஆரோக்கியசாமியா என்றதற்கும் ஆமா போட்டாயே, அறையே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து, "இப்ப யாரு ஊசிய யாருக்குப் போட்ட?" என்று கேட்டாய்.

நீ நிஜமாகவே நோயாளியாகப் படுத்தபோது அந்தப் பிச்சாவரத்துப் பெண்தான் ஊசியோடு வந்தாள். உன்னிடமே பேர் என்னவென்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இவளை உனக்குத் தெரியாதா என்று அவள்மேல் பாய்ந்தேன். நீ என்னை முறைத்துவிட்டு, உன் பேரையும் அப்பா பேரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாய். கடைசியில் உனக்குப் பேச்சு நின்றுபோனது. அன்றும் உன் கைப்பட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் முழுசாகச் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று காலை உன் தலையணையில் படுத்து, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஆமா போட்டேன். கடைசியாக வந்த ஒல்லிப் பெண் மட்டும், "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள். தைல வாசனை மூக்கில் ஏறியிருந்தது. என் வாயில் உன் பேர் வந்துவிட்டது. அவள் என் கையில் என் பேர் எழுதிக் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாள்.

"இதுல வேற பேரு இருக்கு சிஸ்டர். நான் போட மாட்டேன்."

திருத்திச் சொல்ல எனக்கு மனசே வரவில்லைடி.