நான்கு டிக்கெட்

நவம்பர் 16, ஞாயிறு

என் மகன் ரமேஷ்குமார் டிசம்பர் 24 அன்று மும்பையிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போய்வர டிக்கெட் எடுத்திருக்கிறான். நான்கு டிக்கெட். இந்த வீட்டில் இருப்பது ஐந்து பேர். அவன், மருமகள் மேகலா, பேத்தி சிந்து, என் மனைவி கோவிந்தம்மாள். விடுபட்டவன் நான். பிரிண்டரில் கிடந்த தாளைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

கேட்டேன். "உங்களுக்குத் தண்ணின்னா ஆகாதேப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். யார் சொன்னது ஆகாது என்று? பியூனாகச் சேர்ந்து, இங்கிலீஷும் இந்தியும் யாரும் சொல்லித்தராமல் படித்து, செக்‌ஷன் ஆபீசராக வெளியே வந்தவன் நான். ஒரு ஃபைலில் ஒரு பெயர் விடுபட்டால் அது தானாக விடுபடாது.

கூட்டிப்போ என்று கேட்க மாட்டேன்.

நவம்பர் 17

கேட்கவில்லை.

நவம்பர் 19, புதன்

கோபம் ஒரு பக்கம். பயம்தான் அதிகம். நான் இல்லாமல் இவளை எப்படி அனுப்புவது?

கோவிந்தம்மாளுக்கு மார்ச்சிலிருந்து மறதி. கொத்தமல்லி வாங்கக் கீழே போனவள், திரும்பும்போது லிஃப்டில் நான்காவது மாடியில் இறங்கி யார் வீட்டு மணியையோ அடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீடு ஏழாவது மாடி. லக்ஷ்மிபாய் நகரின் இந்தப் புதுக் கட்டடங்களில் எல்லா மாடியும் ஒன்று போலத்தான் இருக்கிறது, யாருக்கும் நடக்கும் என்று அன்று நினைத்தேன். அப்புறம் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் தங்கச்சி பெயர்.

மகனிடம் சொல்லவில்லை. தெரிந்தால் ஸ்கேன், நர்ஸ் என்று அவளை நோயாளி ஆக்கிவிடுவான். நானே பார்த்துக்கொள்கிறேன். தினமும் காபிக்கு முன்னால் ஏழு கேள்வி: என்ன தேதி, என்ன கிழமை, சிந்து எத்தனாம் கிளாஸ், இப்படி. பழக்கினால் மூளை மழுங்காது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். நோட்டில் மார்க் போட்டு வருகிறேன்.

இன்று ஏழில் ஐந்து.

நவம்பர் 22, சனி

லோதி ரோடு ராமச்சந்திரன் பழைய ஆபீஸ் சிநேகிதர். போன வருஷம் குடும்பத்தோடு கப்பலில் போய்வந்தவர். சும்மா தெரிந்துகொள்ள என்று சொல்லி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். துறைமுகத்திலேயே பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் மருந்தும் ஒரு மாற்றுடுப்பும் கைப்பையில் இருக்க வேண்டும். கப்பல் கிளம்புமுன் எல்லோரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று ஒத்திகை நடத்துவார்கள். நடுக்கடலில் நம் போன் எடுக்காது, கப்பல் சிக்னலைப் பிடித்தால் பில் எகிறும்.

"ஒரே வராண்டால நூறு கதவு சார், எல்லாம் ஒண்ணு போல. யாரோ ரூம் கதவுல என் சாவி கார்டை வெச்சுத் தேச்சுட்டே நிக்கிறேன். உள்ளேர்ந்து ஒரு சர்தார்ஜி கதவைத் திறந்து, 'ஆயியே ஜி, சாய் பீஜியே', உள்ள வாங்க, டீ குடிங்கங்கிறார்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு கதவு.

நவம்பர் 23, ஞாயிறு

டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொன்னேன். கடலில் புயல் காலம் என்றேன்.

"அது மெட்ராஸ் பக்கம்ப்பா. இது அரபிக்கடல்."

மேகலா தட்டில் சப்பாத்தியைப் போட்டுக்கொண்டே, "மாமாவுக்கும் வரணும்னு ஆசைன்னா நேரடியாச் சொல்லலாமே" என்றாள். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன்.

நவம்பர் 26

ஏழில் நான்கு.

நவம்பர் 29, சனி



கப்பல் தளத்தில் வழுக்காத செருப்பு வாங்க மேகலா கோவிந்தம்மாளைச் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். பேரம் பேசத் திரும்பியிருக்கிறாள், ஆளைக் காணோம். போன் வந்ததும் ஆட்டோ பிடித்து ஓடினேன். நாற்பது நிமிஷம். கடைசியில் ஒரு ஸ்வெட்டர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர், "மாதாஜிக்கு வீடு தெரியல, ஆனா 'அவர் வருவார்'னு மட்டும் சொன்னாங்க" என்று இந்தியில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ரமேஷ்குமார் கேட்டான்.

"எப்பருந்து இப்படி?"

"மார்ச்."

"எட்டு மாசம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"நீ மட்டும் கப்பலைப் பத்திச் சொன்னியா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். "டிக்கெட்டைக் கேன்சல் பண்றேன்" என்று போனை எடுத்தான்.

அப்போதுதான் கோவிந்தம்மாள் உள்ளே இருந்து வந்தாள். "எதுக்குய்யா கேன்சல்? அப்பாவை விட்டுட்டு எடுன்னு நாந்தான சொன்னேன்."

என் பக்கம் திரும்பினாள்.

"நாலு நாளு. என்ன தேதி, என்ன கெழமைன்னு யாரும் கேக்காம நாலு நாளு இருக்கணும்ங்க. காலைல கண்ணு முழிக்கவே பயமா இருக்கு. பரீச்சைக்குப் போற பிள்ளை மாதிரி கெடக்கேன்."

"உன் நல்லதுக்குத்தான—"

"தெரியும். எனக்கு மறக்குதுன்னு எனக்கே தெரியுது. நீங்க வேற மார்க் போட்டுக் காட்டணுமா?"

நவம்பர் 30

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நோட்டும் தெரிந்திருக்கிறது. நான் செஞ்சது தப்பா? விட்டுட்டுச் சும்மா இருந்திருந்தா மட்டும் நல்லாயிருந்திருக்குமா? தப்பு என்று எழுதக் கை வரவில்லை.

இன்று கேள்வி கேட்கவில்லை. காபி கொடுத்தேன். அவளாகவே, "இன்னிக்கு ஞாயித்துக்கெழமைதான?" என்றாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிரயாணம் போகலாம் என்றார் டாக்டரம்மா. கேள்வி கேட்பதைப் பற்றி ரமேஷ்குமார் கேட்டான். "அதனால மறதி குறையாது. பதட்டம்தான் கூடும்." அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

கப்பலில் தனியாள் அறை ஒன்று காலியாம். "உங்களுக்குப் போடட்டுமாப்பா?" என்றான். அம்மா சொல்லட்டும் என்றேன்.

"இந்தத் தடவை வேண்டாம்யா" என்றாள். கொஞ்சம் கழித்து என்னிடம், "கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

சரி என்றேன். இதை நான் தோற்றதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிசம்பர் 22, திங்கள்

நாளை மும்பைக்கு விமானம். கீழே உள்ளதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். ஆளுக்கு ஒரு நகலும் கொடுத்தாயிற்று.

ரமேஷ்குமார்: அசல் ஆதார் நான்கும் டிக்கெட் தாளும் உன் கைப்பையில். அம்மாவின் மருந்து எதுவும் பெட்டியோடு போகக் கூடாது. கடலில் தலைசுற்றலுக்கு டாக்டரம்மா எழுதியதைத் தவிர வேறு மாத்திரை, யார் கொடுத்தாலும், கிடையாது. பால்கனிக் கதவு பூட்டியே இருக்க வேண்டும், சாவி உன்னிடம். கரை மறைவதற்குள் எல்லாப் போனையும் ஃபிளைட் மோடில் போடு.

மேகலா: அறை எண்ணும் உன் பெயரும் எழுதிய அட்டை அத்தை கழுத்தில், புடவைக்கு உள்ளே. ஒத்திகையில் சங்கு பலமாக ஊதும், முன்னாலேயே சொல்லிவை. சாப்பாட்டு ஹாலில் தட்டோடு வரிசையில் தனியாக நிற்க விடாதே. அன்று மார்க்கெட்டில் நடந்தது உன் தப்பு இல்லை.

சிந்து: அறைக் கதவு இரும்பு, காந்தம் ஒட்டும். உன் மஞ்சள் வாத்து காந்தத்தை முதல் வேலையாக ஒட்டு. பாட்டி வழி தவறினால் சிரிக்காதே, நீயும் கூடவே தவறு. அப்புறம் இரண்டு பேரும் வாத்தைத் தேடுங்கள்.

மூன்று பேரும்: தேதி, கிழமை கேட்கக் கூடாது.

கோவிந்தம்மாள்: ஒன்றும் இல்லை.

நான்: அவளுடைய காலை ஆறு மணி தைராய்டு மாத்திரைக்கான அலாரத்தை ரமேஷ்குமார் போனில் வைத்துக் கொடுக்க வேண்டும். என் போனில் நிறுத்த வேண்டும்.