சிப்செட்டுக்குக் கட்டிய ஃபேன்

என்னங்க,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. மாமியும் நானும் ஏழு மணி பஸ்ஸில் நத்தத்துக்கு, உங்கள் அக்கா வீட்டுக்குப் போகிறோம்; மகளைப் பார்க்க வேண்டுமாம் மாமிக்கு. நேற்று வைத்த தால்சா ஃபிரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். பீரோ சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

என் அறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அணைத்துவிடாதீர்கள். இன்ஜினியர் கேட்ட வீட்டின் 3டி படத்தை அது தானாக வரைந்துகொண்டிருக்கிறது; மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும். வேகம் போதாமல், ஓவர்க்ளாக் செய்து அதை அளவுக்கு மேல் முடுக்கிவிட்டேன். மதர்போர்டில் சிப்செட் என்கிற சில்லு தொட முடியாத அளவுக்குச் சுட்டது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்ன ஃபேனைக் கழற்றி அதன்மேல் கட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டு மாமி, "கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா ஃபேன்? அதுக்கென்ன வேர்க்குதா?" என்று சிரித்தார்கள்.

பதினோரு மணிக்கு அந்த அறை ஜன்னலைப் பலகை வைத்து அடைக்க ஆசாரி வருவார். எதிர்மாடியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று நேற்று நீங்களும் மாமியும் பேசி முடித்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னை வேலை வேண்டாம், "வீட்டுல இருந்தே பாரு" என்றீர்கள், சரி என்றேன். இப்போது ஜன்னலும் வேண்டாமா? காற்று வர அங்கே வேறு வழியே இல்லை. சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி அடித்தால் எந்த ஃபேனும் எதையும் குளிரவைக்காது.

நஸீரா

மறந்துவிட்டேன்: ஆசாரிக்கு டீ ஃபிளாஸ்கில் இருக்கிறது.

இன்னொன்று. அடைத்தே தீருவதென்றால், அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறையில் அரைமணி நேரம் உட்காருங்கள். கம்ப்யூட்டர் ஓடட்டும். சாயங்காலம் வந்து நான் கேட்கிறேன், வேர்க்குதா என்று.