பிஸ்கட் டின்னுக்குள் இருந்த ரேடியோ

இஞ்சேருங்கோ,

போனை எடுக்கமாட்டீர்கள். மெல்பேர்னில் இன்னொரு யுத்தகால ரேடியோவுக்குப் பின்னால் அலைவீர்கள். அதனால் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

பிஸ்கட் டின்னுக்குள் ஒளித்துச் செய்த அந்த டச்சு ரேடியோவைக் கொடுத்துவிட்டேன். கத்தாதீர்கள்.

காலையில் தொண்ணூறு வயது டச்சு அம்மா ஒருவர் வந்தார். ஜெர்மன்காரர் அவர்களுடைய நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவருடைய அப்பா அதில் இரகசியமாக லண்டன் செய்தி கேட்டாராம். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவேயில்லை. அந்த அம்மாவின் தம்பி அக்காவிடம் கேட்காமலே அதை உங்களுக்கு விற்றிருக்கிறார்.

"ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா?" என்று அந்த அம்மா கேட்டார். குசினி அலமாரி வரை ரேடியோ அடுக்கிவிட்டு, "சரித்திரமப்பா, கை வைக்காதையும்" என்பீர்களே, அந்தச் சரித்திரம் வாசலில் அழுதுகொண்டு நின்றது.

உங்களிடம் இன்னும் முப்பது இருக்கின்றன. ஊரில் என் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் அவருடைய மூக்குக்கண்ணாடியைக்கூட எங்களுக்குத் தரவில்லை.

உங்கள் மனிசி