ஷெட்டுக்கு ஒரு கேப்டன் போதும்

பம்பாய்
12.2.1974

அன்புள்ள பேச்சிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நலம் விசாரிக்கிற மனநிலை இன்று எனக்கு இல்லை.

கம்பெனியில் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார்கள். எண்ணெய் விலை ஏறிவிட்டதாம், கட்டுப்படியாகவில்லையாம். மூன்று விமானங்களை ஓரமாக நிறுத்தியாகிவிட்டது. நாற்பத்தைந்து வயது தாண்டிய கேப்டன்களுக்கு இரண்டே வழி. இப்போதே ஓய்வு பெற்றுக்கொண்டு போய்விடலாம். இல்லையென்றால் இரண்டு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு. அது முடிந்து இடம் இருந்தால் கூப்பிடுவார்களாம். மார்ச் முப்பதுக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வருஷம் மழையிலும் மூட்டத்திலும் இவர்களுக்காக ஓட்டியவனுக்கு டைப் அடித்த ஒரு காகிதம். அடியில் ஒரு மனுஷனின் கையெழுத்துகூட இல்லை, ரப்பர் ஸ்டாம்ப்!

என் பக்கத்து ஸீட்டில் பறக்கிற சின்னப் பைலட் ஜெயசிங், "சார், என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று தினமும் கேட்கிறான். சீனியாரிட்டி பட்டியலில் மேலே இருப்பவர்கள் நகர்ந்தால்தான் கீழே இருப்பவனுக்கு வேலை தங்கும். அவன் மேல் குற்றமில்லை. இருந்தாலும் பளாரென்று ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

போதும் பேச்சி. ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன். எட்டு வருஷமாக ஒற்றை ஆளாக அந்த விசைத்தறி ஷெட்டை இழுத்துவிட்டாய். இனி நீ வீட்டில் நிம்மதியாக இரு, ஷெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். நூல் கொடுத்துச் சேலை எடுக்கும் காசிராஜனுக்கும், இனி எதுவானாலும் என்னிடம் பேசும்படி எழுதிவிட்டேன்.

அன்புடன்,
துரைப்பாண்டி

சங்கரன்கோவில்
19.2.1974

அன்புள்ள அத்தான் அவர்களுக்குப் பேச்சித்தாய் எழுதியது.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே காசிராஜன் வந்துவிட்டான். எட்டுத் தறிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் எழுதிய காகிதத்தை விரித்துக் காட்டினான். "யக்கா, இனிமே அண்ணாச்சிட்டதான் பேசணுமாம்லா? அப்பம் இந்தப் பாவுக்கு நூல் இறக்கட்டுமா, வேண்டாமா? பம்பாய்க்குத் தந்தி அடிச்சுக் கேட்டுச் சொல்லுதியளா?" என்று சிரித்தான். என் ஷெட்டில் நின்றுகொண்டு என்னிடமே கேட்டான். என்னைக் கேட்காமல் எப்படி எழுதினீர்கள்?

என்னை நிம்மதியாக இருக்கச் சொல்லியிருக்கிறீர்கள். போன புரட்டாசியில் மூன்று வாரம் லீவில் வந்து நீங்கள் கொடுத்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. விமானத்தில் செய்வதுபோல, தறியை ஓட்டும் முன் பார்க்க வேண்டியவை என்று இருபத்திரண்டு வரிகள் எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள். அது போகட்டும், சிரித்துவிட்டு விட்டோம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை? நான் தறிக்கு உதிரிச் சாமான் வாங்க ராஜபாளையம் போயிருந்தேன். காலை ஆறு மணிக்கு வந்தவர்கள் கரண்ட் இல்லாமல் சாயங்காலம் வரைக்கும் காத்துக் கிடந்தார்கள். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. வந்த நிமிஷத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? "ஏலே, வந்து பதினோரு மணி நேரமாச்சு, களைச்சுப்போன ஆளு மிஷினைத் தொடக்கூடாது, வீட்டுக்குப் போங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டீர்கள். நெய்தால்தான் அவர்களுக்குக் கூலி. அன்று எட்டு வீட்டிலும் கூலி இல்லை. தீபாவளிச் சேலை இரண்டு நாள் பிந்தியது, காசிராஜன் பாதி ஆர்டரைச் சிவகிரிக்காரனுக்குத் திருப்பிவிட்டான்.

உங்கள் மனசு நோகும் என்று இத்தனை நாள் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கம்பெனி வேண்டாம் என்றதும்தானே உங்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது? என் ஷெட்டைச் சாக்கு வைத்து அந்த ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பேச்சித்தாய்

பம்பாய்
27.2.1974

பேச்சிக்கு,

நான் வருவது பிடிக்கவில்லை என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாம். நூல், சேலை, சிவகிரிக்காரன் என்று இவ்வளவு நீட்டியிருக்க வேண்டாம்.

என் வீட்டுக்கு வர நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இங்கே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் என்னைப் போ என்கிறது, அங்கே நீ வராதே என்கிறாய். நான் நடுவானத்தில் சுற்றிக்கொண்டே இருக்கவா?

அந்த வெள்ளிக்கிழமைக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். களைத்த கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என்னோடு வேலையில் சேர்ந்த ஒருவன், தொடர்ந்து பதினாறு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, வயலை ஓடுபாதை என்று நினைத்து விமானத்தை இறக்கினான். அவன் மனைவியிடம் போய்ச் சொன்னவன் நான். தறி என்ன, விமானம் என்ன, பெல்ட்டில் கை போனால் கை போனதுதான். ஒரு நாள் கூலி போனால் மறு நாள் வரும். இதைப் புரிந்துகொள்ள முடியாதவளுக்கு என்ன எழுதி என்ன?

விடுப்பில் வருவதாக இல்லை. இரண்டு வருஷம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க நான் என்ன காவல் நாயா? ஓய்வுதான்.

துரைப்பாண்டி

சங்கரன்கோவில்
8.3.1974

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அடுப்பில் போட்டிருப்பேன். போடாததற்குக் காரணம் தறிக்காரன் தங்கப்பழம்.

போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கரண்டுக்குக் காத்திருந்து, பிறகு நின்ற நிலையில் நெய்துகொண்டிருந்தான். பதின்மூன்றாவது மணி நேரத்தில் பெல்ட்டில் கையை விட்டுவிட்டான். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவன் பெண்டாட்டி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "யக்கா, தூக்கம் கண்ணை அசத்திட்டாம்" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் சொன்னது சரி. என் கையால் எழுதுகிறேன், சரி.

இப்போது ஆட்களை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஒரு பாதி காலையில் வரும், மறு பாதி மத்தியானத்துக்கு மேல். கரண்ட் வரும்போது யார் இருக்கிறார்களோ அவர்கள் நெய்வார்கள். கரண்ட் வராமல் காத்திருக்கிற பொழுதுக்கும் பாதிக் கூலி உண்டு. தங்கப்பழத்துக்குக் கை ஆறும் வரைக்கும் முழுக் கூலி. சுவரில் எதையும் ஒட்டவில்லை. எட்டுப் பேரையும் உட்கார வைத்து, அவர்களைக் கேட்டுச் செய்தேன். நீங்கள் சொன்னது சரி, செய்த விதம் தப்பு. என்னிடம் சொல்லியிருந்தால் அன்றே இதைச் செய்திருப்பேன், அந்த விரலும் இருந்திருக்கும்.

1966இல் நான் பம்பாயை விட்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மாசத்தில் இருபது நாள் பூட்டின வீட்டுக்குள் உட்கார்ந்து உங்கள் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஊருக்குப் போயேன், ஏதாவது செய்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். செய்தேன். செய்து முடித்த பிறகு எடுத்துக்கொள்ள வருகிறீர்கள்.

உங்கள் விமானத்தில் நான்கு தடவை வந்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்து கொடுத்த மிட்டாயைச் சப்பிக்கொண்டு வந்தேன். ஒரு தடவையாவது முன்னால் வந்து எதையாவது திருகினேனா?

வீடு உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். ஷெட் என்னுடையது. அங்கே ஒரு கேப்டன் போதும். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் பம்பாயிலேயே இருங்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான், ஆனால் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பேச்சித்தாய்

பம்பாய்
30.3.1974

அன்புள்ள பேச்சிக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். உன் மேல் பாதி, கம்பெனி மேல் பாதி. தங்கப்பழத்தின் விரலை நினைத்தால் என் மேலும் கொஞ்சம். புரட்டாசியிலேயே உன்னோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஆட்களை அனுப்பிவிட்டு, பெரிதாகச் சாதித்தவன் போலச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இன்று காலை ஆபீசுக்குப் போனேன். ஓய்வுக் காகிதத்தைக் கையில் எடுத்தேன், திரும்பவும் மேஜையிலேயே வைத்துவிட்டேன். எனக்கு இன்னும் பறக்க ஆசை இருக்கிறது பேச்சி. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு உன் ஷெட்டுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அதனால் விடுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் அப்போது அழுதுகொள்கிறேன். இதனால் ஜெயசிங் வேலை தப்பியது. நன்றி சொல்ல வந்தவனைத் திட்டி அனுப்பிவிட்டேன், பாவம்.

காசிராஜனுக்கு இன்றே ஒரு கார்டு போட்டிருக்கிறேன்: "முன்பு எழுதியது தவறு. ஷெட் விஷயம் எதுவானாலும் முதலாளியம்மாளிடம் மட்டும் பேசவும்." அதையும் தறிக்காரர்கள் முன்னால் வாசித்துக் காட்டும்படி எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி கொல்லம் மெயிலில் வந்து இறங்குகிறேன். கையில் ஒரு பெட்டிதான். அந்த நேரத்தில் கரண்ட் இருந்தால் நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.

துரைப்பாண்டி