அக்காவின் போர்வைக்கு நான் தைத்த ஓரம்

அக்கா,

காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்குகிறாய், எழுப்பவில்லை. உன்னிடம் தைக்கக் கொடுத்த ஒட்டுத்துணிப் போர்வையை வாங்கிப்போக டாக்டரம்மா பன்னிரண்டு மணிக்கு வருவார். பதறாதே, நீ பாதியில் விட்ட ஓரப்பட்டியை நான் தைத்து முடித்துவிட்டேன்.

"பட்டன் தைக்கவே துப்பில்ல, என் மிஷினைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று நேற்று நீ கத்தியது நினைவிருக்கிறது. இரண்டு கையும் பத்திரமாக இருக்கின்றன.

உன் பழைய மிதி மிஷின் பின்பக்கமாகச் சுற்றி ஐந்து முறை நூலை அறுத்தது. சக்கரத்தைக் கையால் முன்னுக்குத் தள்ளிவிட்டு மிதித்தேன், வழிக்கு வந்தது. நாலு மூலையையும் அளந்து பார். திட்ட ஒன்றும் கிடைக்காது.

கஞ்சி குக்கரில். சாவி ஜன்னலில்.

பி.கு.: கடைசி மூலையில் என் சட்டை நுனியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். போர்வைக்கு ஒன்றுமில்லை, சட்டையைத்தான் வெட்டினேன். அதையே போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறேன். என்ன ஆச்சு என்று யாராவது கேட்கட்டும், போர்வை தைத்த கதையைச் சொல்கிறேன்.